கனிவை உடுத்தியவரைத் தேடுங்கள்

திருக்குடும்ப விழா – முதல் ஆண்டு
சீராக் 3:2-6, 12-14; கொலோசையர் 3:12-21; மத்தேயு 2:13-15, 19-23



தை மாதம் நெருங்குகிறது. திருவருகைக் காலம் முடிந்துவிட்டது. தவக்காலம் இன்னும் தொடங்கவில்லை. இடையில் கிடைக்கும் இந்தச் சில வாரங்கள்தாம் நம் வீடுகளில் திருமணப் பேச்சு நடக்கும் காலம். கர்நாடக எல்லையை ஒட்டிய நம் தளியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தரகர்கள் வந்துபோகிறார்கள். அலைபேசியில் புகைப்படமும் பயோடேட்டாவும் வருகின்றன. பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் விசாரிக்கிறார்கள். விரைவில் இந்தப் பீடத்திலிருந்து திருமண அறிவிப்புகள் வாசிக்கப்படும். அதற்கு முன்பாக, இறைமகனை வளர்த்த குடும்பத்தைக் கொண்டாடும் இந்த நாளில், ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். ஒரு துணையைத் தேடும்போது நாம் உண்மையில் எதைத் தேடுகிறோம்? அதை ஏன் தேடுகிறோம்?

இன்றைய நற்செய்தியில் யோசேப்பைப் பார்க்கிறோம். கனவில் வானதூதர் எச்சரிக்கிறார். ஏரோது குழந்தையைத் தேடுகிறான். யோசேப்பு அந்த இரவே எழுந்து, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எல்லை கடந்து எகிப்துக்குப் போகிறார். ஏரோது இறந்தபின் திரும்பி வருகிறார். யூதேயாவில் அர்க்கெலா ஆள்வதைக் கேட்டு அங்கே போக அஞ்சி, கலிலேயாவின் நாசரேத்தில் குடியேறுகிறார். யோசேப்பும் அஞ்சியவர்தாம். ஆனால் தம் அச்சத்தை மனைவியின் மேலோ குழந்தையின் மேலோ அவர் இறக்கி வைக்கவில்லை. அதைத் தாமே சுமந்துகொண்டு, அவர்களைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டு சேர்த்தார்.

யோசேப்பு இப்படிப்பட்டவர் என்பது மரியாவுக்கு எப்போது தெரிந்திருக்கும்? மத்தேயு நற்செய்தியில் ஒரு பக்கம் முன்னே போங்கள். யோசேப்பின் சொத்து எவ்வளவு, தச்சுத் தொழிலில் என்ன கிடைத்தது என்று நற்செய்தியாளர் எழுதவில்லை. அவர் நேர்மையாளர் என்று எழுதுகிறார். அந்த நேர்மை எப்படி வெளிப்பட்டது என்பதையும் சொல்கிறார். மண ஒப்பந்தமான பெண் கருவுற்றிருக்கிறாள். அது தூய ஆவியால் என்பது யோசேப்புக்கு இன்னும் தெரியாது. வானதூதர் இன்னும் வரவில்லை. மனம் உடைந்திருந்த அந்த நேரத்திலும் அவளை ஊர்முன் இழிவுபடுத்த அவர் விரும்பவில்லை. தாம் காயப்பட்டிருக்கும்போது அடுத்தவரைக் காயப்படுத்த மறுத்தார். வாழ்க்கைத் துணையிடம் தேட வேண்டியது இதைத்தான் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

உளவியல் அறிஞர்களும் இந்தக் கேள்வியை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். டேவிட் பஸ் என்ற அமெரிக்க அறிஞர் தம் தோழர்களோடு 33 நாடுகளில், 37 பண்பாடுகளைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் கேட்டு, 1989-இல் முடிவுகளை வெளியிட்டார். அதில் இந்தியர்களும் இருந்தார்கள். ஆண்கள் அழகுக்கும் இளமைக்கும் கூடுதல் எடை கொடுத்தார்கள். பெண்கள் சம்பாதிக்கும் திறனுக்குக் கூடுதல் எடை கொடுத்தார்கள். இது நமக்கு வியப்பில்லை. ஆனால் இரு பாலாரும் இவற்றுக்கெல்லாம் மேலே வைத்த பண்புகளில் ஒன்று கனிவு. நம்மைப் புரிந்துகொள்ளும், இரக்கம் காட்டும் ஒரு நெஞ்சம். கண்டம் மாறினாலும் மொழி மாறினாலும் மனிதர் ஏங்குவது இதற்காகத்தான்.

அப்படியிருக்க, நம் திருமணப் பேச்சில் இது எங்கே போய்விடுகிறது? பையனுக்கு என்ன சம்பளம், பர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டா, எத்தனை ஏக்கர், போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறதா, பெண் என்ன நிறம், எத்தனை சவரன் போடுவார்கள், என்ன ஆளுங்க – எல்லாவற்றையும் கேட்கிறோம். அவன் கோபம் வந்தால் என்ன செய்வான் என்று கேட்பதில்லை. மனம் ஏங்குவதை வாய் ஏன் கேட்க மறுக்கிறது? அச்சம்தான் காரணம் என்று நான் நம்புகிறேன். அஞ்சும்போது மனிதர் எண்ணிப் பார்க்கக்கூடிய பொருளைப் பிடித்துக்கொள்கிறார்கள். சவரனை எண்ணலாம், ஏக்கரை அளக்கலாம். கனிவை அளப்பதற்குக் கருவி இல்லை.

இந்த அச்சத்தை நான் இழிவாகப் பேச மாட்டேன். அதற்குக் காரணம் உண்டு. 2023 பிப்ரவரியில், எல்லைக்கு அப்பால் மாண்டியா மாவட்டத்தில், பெண் கிடைக்காத உழவர் குடும்பத்து இளைஞர்கள் கூட்டமாகச் சேர்ந்து, பெண் அமைய வேண்டும் என்று வேண்டி மாதேஸ்வர மலைக்குப் பாதயாத்திரை போனார்கள். விவசாயம் செய்கிற பையன் என்றால் பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்பது அவர்கள் மனக்குறை. நம் பக்கத்து இளைஞர்களுக்கும் அந்தக் குறை உண்டு. ஆனால் பெண்ணின் பக்கத்தையும் பாருங்கள். தக்காளி விலை சரிந்து, பறித்த கூலிகூடக் கிடைக்காமல் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஜவளகிரிக் காட்டிலிருந்து யானை இறங்கி, அறுவடைக்கு நின்ற ராகியை ஒரே இரவில் மிதித்துப் போனதைப் பார்த்திருக்கிறாள். சீட்டுப் பணத்துக்கும் குழுக் கடனுக்கும் அம்மா அல்லாடியதைப் பார்த்திருக்கிறாள். அவள் மாதச் சம்பளக்காரனைக் கேட்பது பேராசையால் அன்று. அம்மாவின் துயரம் தனக்கு வேண்டாம் என்கிறாள், அவ்வளவுதான்.

அந்த ஆசை நியாயமானது. ஆனால் சம்பளம் மட்டும் அவளைக் காப்பாற்றிவிடுமா? ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஆர்டர் குறைந்தால் கான்ட்ராக்ட் வேலை போய்விடும். நல்ல சம்பளம் வாங்கும் வீட்டிலும் சனிக்கிழமை இரவு அடி விழுகிறது. பாதுகாப்பு என்று நாம் சொல்வதில் பாதிதான் பணத்தால் வரும். மீதிப் பாதி, பணம் இல்லாத மாதத்தில் கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் எப்படிப் பேசுகிறார்கள் என்பதில் இருக்கிறது. யோசேப்பு மரியாவை எகிப்துக்குக் கூட்டிப் போனபோது அங்கே அவர்களுக்கு நிலமும் இல்லை, உறவும் இல்லை. யோசேப்பு இருந்தார்.

அடுத்து, சாதியைப் பற்றிப் பேச வேண்டும். இந்தப் பீடத்திலிருந்து பேசியே ஆக வேண்டும். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகிய பொருளியல் அறிஞர்களும் அவர்கள் தோழர்களும் கொல்கத்தா நாளேடு ஒன்றில் மணமக்கள் தேவை விளம்பரம் கொடுத்த குடும்பங்களை ஆராய்ந்து, 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தங்கள் சாதிக்குள்ளேயே மாப்பிள்ளை கிடைப்பதற்காக, முதுகலைப் பட்டத்துக்கும் படிப்பே இல்லாததற்கும் உள்ள அளவு வேறுபாட்டைக்கூடப் பெண் வீட்டார் விட்டுக்கொடுக்க ஆயத்தமாக இருந்தார்கள் என்று அவர்கள் கண்டார்கள். ஒரு மனிதரின் அறிவு, உழைப்பு, குணம் எல்லாவற்றையும் சாதி என்ற ஒரு சொல் மறைத்துவிடுகிறது.

அந்தச் சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் மாவட்டம் கண்ணால் கண்டது. 2018 நவம்பரில், சூளகிரிப் பக்கத்து ஊரிலிருந்து வந்து ஓசூரில் வாழ்ந்த இளம் தம்பதியர், சாதி கடந்து மணந்ததற்காகக் கொல்லப்பட்டு, கர்நாடகத்தில் காவிரியில் சடலமாகக் கிடைத்தார்கள். கைதானவர்களில் பெண்ணைப் பெற்றவரும் இருந்தார். தொட்டிலாட்டிய கை அது. ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம் ஒரு தந்தையின் நெஞ்சில் ஏறிப் பிள்ளைப் பாசத்தையே கொன்றுவிட்டது. கத்தி எடுக்காதவர்கள்கூட, அந்த அச்சத்துக்கு வீட்டில் நாள்தோறும் சோறு போடுகிறோம்.

கொலோசையருக்கு எழுதப்பட்ட இன்றைய வாசகம் 12-ஆம் வசனத்தில் தொடங்குகிறது. வீட்டுக்குப் போனதும் விவிலியத்தைத் திறந்து அதற்கு முந்திய வசனத்தைப் படித்துப் பாருங்கள். கிரேக்கர், யூதர், அடிமை, உரிமைக் குடிமகன் என்ற வேறுபாடு இனி இல்லை, எல்லாருள்ளும் இருப்பவர் கிறிஸ்துவே என்று பவுல் அறிவிக்கிறார். அதைச் சொன்ன பிறகுதான் பரிவையும் இரக்கத்தையும் உடுத்திக்கொள்ளச் சொல்கிறார். முதலாவது இல்லாமல் இரண்டாவது இல்லை. மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் நம் ஆண்டவரின் தலைமுறைப் பட்டியலையும் பாருங்கள். எரிகோவின் இராகாபு அதில் இருக்கிறார். மோவாபு நாட்டு ரூத்து இருக்கிறார். இறைமகன் பிறந்த குடும்பமே அப்படிப்பட்டது என்றால், திருமுழுக்குப் பெற்ற நாம் எந்தப் பெருமையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்?

இளைஞர்களே, பெற்றோரைப் பற்றியே பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் மனமும் உங்களை ஏமாற்றக்கூடும். அழகான முகத்தைப் பார்த்ததும், அந்த மனிதர் நல்லவராகவும் திறமைசாலியாகவும் இருப்பார் என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. 1972-இல் காரென் டயன், எலன் பெர்ஷைட், எலைன் வால்ஸ்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள் வெறும் புகைப்படங்களைக் காட்டியே இதை நிறுவினார்கள். இன்று நீங்கள் பார்ப்பதோ ஃபில்டர் போட்ட புகைப்படம். இறைவாக்கினர் சாமுவேல், ஈசாயின் மூத்த மகனின் தோற்றத்தைக் கண்டு இவனே அரசன் என்று எண்ணியபோது, மனிதர் முகத்தைப் பார்க்கிறார், நானோ அகத்தைப் பார்க்கிறேன் என்று ஆண்டவர் அவருக்கு உணர்த்தினார். இறைவாக்கினருக்கே அந்தப் பாடம் தேவைப்பட்டது.

நெருக்கமும் மனத்தை இழுக்கும். 1950-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மாணவர் குடியிருப்பு ஒன்றில் யார் யாருக்கு நண்பர் ஆனார்கள் என்று பார்த்தது. அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தவர்களே, தள்ளிக் குடியிருந்தவர்களைவிட மிகுதியாக நண்பர்கள் ஆகியிருந்தார்கள். நம் பிள்ளைகள் கெலமங்கலம் பக்கத்து ஆலைக்கும் ஓசூர் சிப்காட்டுக்கும், எல்லை தாண்டி ஜிகணிக்கும் பொம்மசந்திராவுக்கும் போகிறார்கள். ஒரே கம்பெனி பஸ், ஒரே ஷிஃப்ட், ஒரே கேன்டீன். வீட்டை விட்டு விடுதியில் தங்கியிருக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு, சாப்பிட்டாயா என்று கேட்கும் ஒரு குரல் பெரிய ஆறுதல். அங்கே அன்பு மலர்வது பாவமன்று. பெற்றோரே, அதைக் குற்றமாகப் பார்க்காதீர்கள். ஆனால் பிள்ளைகளே, பழகிய முகம் என்பதாலேயே அது உங்களுக்குரிய முகம் ஆகிவிடாது. காலம் கொடுங்கள். அந்த மனிதரை அவருடைய நண்பர்கள் நடுவிலும், அவருடைய வீட்டிலும், தோல்வியிலும் பாருங்கள்.

இன்னொன்று, இதைக் கவனமாகக் கேளுங்கள். குழந்தைப் பருவத்தில் அன்பு நமக்கு எப்படிக் கிடைத்ததோ, அதே சாயலை வளர்ந்தபின்னும் துணையிடம் தேடுகிறோம் என்று உளவியல் அறிஞர் ஜான் போல்பியின் வழிவந்தவர்கள் சொல்கிறார்கள். அன்பு வருமா வராதா என்று அஞ்சி அஞ்சியே வளர்ந்த பிள்ளை, வளர்ந்தபின் பிடித்துவைப்பவரை அன்பு மிக்கவர் என்று எண்ணிவிடுவது உண்டு. மணிக்கொரு முறை எங்கே இருக்கிறாய் என்று கேட்பவன், உன் போனைக் காட்டு என்பவன், தோழியோடு பேசாதே என்பவன், உன் ஏடிஎம் கார்டை என்னிடம் கொடு என்பவன் – அவன் உன்மேல் உயிரையே வைத்திருப்பதாக நினைக்காதே, மகளே. அது அச்சம், திருமணத்துக்குப் பின் அது குறையாது, வளரும். கணவர்கள் மனைவியரிடம் அன்பு செலுத்த வேண்டும், அவர்களைக் கொடுமைப்படுத்தலாகாது என்று பவுல் இன்று வெளிப்படையாகவே சொல்கிறார். மணமாகும் முன்பே கொடுமை செய்பவனிடம் அந்த அன்பை எதிர்பார்க்க வழியில்லை.

அச்சத்தின் மிகக் கொடிய வடிவம் குழந்தைத் திருமணம். 2025 மார்ச்சில், திருமணம் முடித்து வைக்கப்பட்ட பதினான்கு வயதுச் சிறுமியை, அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் அவள் அழ அழத் தூக்கிக்கொண்டு போன காட்சியை நாடே அலைபேசியில் பார்த்தது. நம் மாவட்டத்தின் காடுதான் அது, நம் பிள்ளைதான் அவள். பெண் யாரையாவது விரும்பிவிடுவாளோ, ஊர் பேசுமோ என்று அஞ்சி, ஏழாம் எட்டாம் வகுப்பிலேயே பேச்சை முடிக்கிறோம். தாய்மாமன்தானே, சொந்தம்தானே என்கிறோம். சட்டம் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று வரையறுத்திருக்கிறது. வற்புறுத்தலாலும் அச்சத்தாலும் நடக்கும் திருமணம் செல்லாது என்பது திருச்சபைச் சட்டம். மணமக்களை அழைத்து, முழு விருப்பத்தோடுதான் வந்திருக்கிறீர்களா என்று குருவானவர் விசாரிப்பது வெறும் சடங்குக்காக அன்று. ஒரு சிறுமிக்கு இப்படி ஏதாவது நடக்கப்போகிறது என்று உங்களுக்குத் தெரியவந்தால் 1098 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது. ஏரோதின் கையிலிருந்து குழந்தையைக் காத்த யோசேப்பின் செயலே அது.

அப்படியானால் எதைத் தேடுவது, எப்படித் தேடுவது? தொடக்கநூல் 24-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமின் ஊழியர் ஈசாக்குக்குப் பெண் தேடிப் போகிறார். உறவில்தான் எடுக்க வேண்டும் என்று தலைவர் சொல்லி அனுப்பியிருந்தார். நம் வீட்டுப் பெரியவர்களைப் போலத்தான். ஆனால் ஊரை அடைந்ததும் அவர் முதலில் குலத்தை விசாரிக்கவில்லை. கிணற்றருகே நின்று வேண்டுகிறார்: குடிக்கத் தண்ணீர் கேட்கும்போது, உமக்கு மட்டுமின்றி உம் ஒட்டகங்களுக்கும் வார்க்கிறேன் என்று எந்தப் பெண் சொல்கிறாளோ அவளே நீர் குறித்து வைத்தவள். ஒட்டகங்கள் பத்து, தூரம் கடந்து வந்த தாகம். முன்பின் அறியாத ஒருவருக்காக, கேட்காத வேலையை ரெபேக்கா ஓடி ஓடிச் செய்கிறார். அதைப் பார்த்த பிறகுதான், நீ யாருடைய மகள் என்று ஊழியர் கேட்கிறார். பேச்சு முடிந்தபின்னும் பெற்றோர் வீட்டார் ரெபேக்காவைக் கூப்பிட்டு, இவரோடு போக உனக்குச் சம்மதமா என்று கேட்கிறார்கள். பெரியவர்கள் பேசி முடித்த திருமணம்தான் அது. அதில் குணத்தைச் சோதித்தார்கள், பெண்ணின் வாயிலிருந்தே பதிலையும் கேட்டார்கள்.

நம் பக்கத்தில் ரோஜா பயிரிடுபவர்களுக்குத் தெரியும். ஒட்டுச்செடி வாங்கும்போது அதில் பூத்திருக்கும் ஒற்றைப் பூவைப் பார்த்து யாரும் வாங்குவதில்லை. ஒட்டு நன்றாகப் பிடித்திருக்கிறதா, வேர் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறோம். செடிக்குச் செய்யும் விசாரணையைப் பிள்ளைக்கும் செய்யுங்கள். பையன் தன் அம்மாவிடமும் தங்கையிடமும் எப்படிப் பேசுகிறான்? பெண் வயதான பாட்டியை எப்படி நடத்துகிறாள்? தப்புச் செய்தால் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் இருக்கிறதா? குடிக்கிறானா? கோபத்தில் கை ஓங்குகிறானா? தன்னைவிட மனைவி கூடுதலாகச் சம்பாதித்தால் மகிழ்வானா, பொறுமுவானா? இவற்றைக் கேட்க வெட்கப்படாதீர்கள். சம்பளச் சீட்டைக் கேட்க வெட்கப்படாத நாம் இதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

இன்னும் ஒரு நல்ல செய்தி உண்டு. 2020-இல் சமந்தா ஜோயல் தலைமையில் ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து, பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட இணையரைப் பற்றிய தரவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். இல்லற நிறைவைக் கணிப்பதில், தனித்தனியே இருவரும் எப்படிப்பட்டவர்கள் என்பதைவிட, அவர்களுக்கிடையே உருவாகும் உறவு எப்படிப்பட்டது என்பதே பெரிதும் துணைசெய்தது. என் துணை என்னை விட்டுப் போக மாட்டார் என்ற நம்பிக்கை, ஒருவர் செய்வதை மற்றவர் மதித்துப் பாராட்டுவது – இவையே முன்னே நின்றன. சரியான ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். கண்டுபிடித்த பின்தான் வேலை தொடங்குகிறது.

இதைத்தான் பவுல் உடுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்கிறார். பரிவு, இரக்கம், மனத்தாழ்மை, கனிவு, பொறுமை ஆகியவற்றை அவர் பிறவிக் குணங்களாகப் பேசவில்லை. காலையில் எழுந்து மனமறிந்து அணிந்துகொள்ள வேண்டியவையாகப் பேசுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக அன்பை அணியச் சொல்கிறார். ஆகவே கனிவுள்ள துணை வேண்டும் என்று வேண்டும் இளைஞனே, இளம்பெண்ணே, அந்த ஆடையை நீயும் உடுத்திக்கொள். அடுத்தவரிடம் தேடுவதை உன்னிடம் அவர் தேடும்போது வெறுங்கையாக நிற்காதே.

அன்புக்குரியவர்களே, முடிவாகச் சில வார்த்தைகள். பெற்றோரே, இந்தத் தையில் பெண் பார்க்கப் போகும்போதும் மாப்பிள்ளை பார்க்கும்போதும், பணத்தைப் பற்றிய கேள்விக்கு முன் குணத்தைப் பற்றிய கேள்வியைக் கேளுங்கள். வரதட்சணை கேட்காதீர்கள்; கொடுக்கவும் செய்யாதீர்கள். பிள்ளையைத் தனியே உட்காரவைத்து அதன் மனத்தைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதையும் பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மணமானவர்களே, பல ஆண்டுகள் ஆகிவிட்டன, இனி என்ன என்று எண்ணாதீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் துணை செய்யும் ஒரு வேலையைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். மணமாகாமல் இருப்பவர்களே, துணையை இழந்தவர்களே, பிரிந்து வாழ்பவர்களே, உங்கள் மதிப்பு யாரோ ஒருவர் தேர்ந்தெடுப்பதால் வருவதன்று. கடவுள் உங்களைத் தேர்ந்துகொண்டார், அன்புகூர்ந்தார் என்றுதான் இன்றைய வாசகமே தொடங்குகிறது. அன்பியங்களில் இருப்பவர்களே, சாதி கடந்து மணந்தவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் முதலில் அவர்கள் வீட்டுக்கு ஜெபிக்கப் போங்கள்.

மன்றாடுவோம். ஆண்டவரே, எங்கள் அச்சங்களை நீர் அறிவீர். வறுமையின் அச்சத்திலும் ஊரின் அச்சத்திலும் எங்கள் பிள்ளைகளின் வாழ்வை நாங்கள் அடகு வைக்காதபடி எங்களைக் காத்தருளும். நேர்மையும் கனிவும் உள்ளவர்களை இனங்காணும் கண்களை எங்கள் இளைஞர்களுக்குத் தாரும். காயப்பட்ட வேளையிலும் காயப்படுத்தாத யோசேப்பின் நெஞ்சத்தை எங்கள் கணவர்களுக்கும் மனைவியருக்கும் தாரும். எங்கள் ஊரில் எந்தச் சிறுமியும் அழுதுகொண்டு மணமேடை ஏறாதபடி எங்களை விழிப்பாயிருக்கச் செய்யும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.